சின்னது என்று சொல்ல யாருக்கு உரிமை?



சுபுஹு தொழுதுவிட்டு வீடு திரும்பும் வழியில் கடையில் கொஞ்சம் சாமான் வாங்குகிறோம். கணக்கு நாற்பத்தேழு ரூபாய். ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுக்கிறோம். மீதி மூன்று ரூபாய் வர வேண்டும். கடைக்காரர் கல்லாவைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கண்ணாடிப் பாட்டிலுக்குள் கையை விட்டு மூன்று மிட்டாய்களை எடுத்து நீட்டுகிறார். "சில்லறை இல்லை பாய்" என்ற சொல்லும் கூடவே வருகிறது. நாம் மிட்டாய் கேட்கவில்லை. நம்மில் பாதிப் பேருக்கு அதைத் தின்னக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதே மூன்று மிட்டாய்களை மறுநாள் மூன்று ரூபாய்க்குப் பதிலாக நாம் நீட்டினால் அவர் வாங்கிக் கொள்வாரா? மாட்டார். ஆனாலும் வாய் திறவாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறோம். "இது என்ன பெரிய விஷயம்!" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக் கொள்கிறோம்.

இத்தகைய சின்னச் சின்ன மனக்குறைகள் இன்றைய வாழ்க்கையில் எத்தனை! பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதை வாங்க மறுக்கும் வழக்கம் எப்படியோ புகுந்துவிட்டது. 14 வடிவங்களில் வெளிவந்துள்ள பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கமாக அறிவித்தது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டமோ, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரை செல்லுபடியாகும் பணமாக ஆக்கியிருக்கிறது. சட்டம் செல்லும் என்கிறது. கடைவீதி செல்லாது என்கிறது. நடுவில் நிற்பவர் கையிலிருக்கும் காசு வெறும் உலோகத் தகடாகிவிடுகிறது.

பிஸ்கட் பொட்டலத்தைப் பாருங்கள். விலை மாறவில்லை. படம் மாறவில்லை. உள்ளே இருக்கும் எடை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இளைக்கிறது. பிஸ்கட், தேயிலை, காப்பித்தூள் போன்றவற்றை இன்ன எடையில்தான் கட்ட வேண்டும் என்று முன்பு ஓர் அட்டவணை இருந்தது. 2021 நவம்பரில் செய்யப்பட்ட விதித் திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. அதற்குப் பதிலாக, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பொட்டலத்தின் மீதே அச்சிட வேண்டும் என்றது. அந்தச் சின்ன எழுத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

பொறுப்பதா, கேட்பதா?

இவற்றையெல்லாம் என்ன செய்வது? நம்மிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. பெரியவர்கள், "ஸபுரு செய்துகொள். மூன்று ரூபாய்க்காகத் தெருவில் நின்று சத்தம் போடுவது கண்ணியமல்ல" என்பார்கள். இளைஞர்களோ, "உரிமையை விட்டுக் கொடுக்கலாமா? சட்டம் எதற்கு இருக்கிறது?" என்பார்கள். 1986 டிசம்பர் 24-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததையும், அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்ததையும் எடுத்துக் காட்டுவார்கள்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே நம்மை வாங்குகிறவர்களாக மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். நாம் கொடுக்கிற இடத்திலும் நிற்கிறோம் என்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்துதான் இருந்தேன். அந்த மறதி கலைந்த கதையைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லுகிறேன்.

எங்கள் ராசிங்காபுரம் போடிநாயக்கனூருக்கு அருகில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. விடியுமுன்னே ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். இந்த வட்டாரத்தில் பலருக்கும் மேலே சிறிதளவேனும் தோட்டம் உண்டு. இல்லாவிட்டால் தோட்ட வேலை உண்டு. எங்கள் குடும்பத்துக்கும் அத்தா காலத்திலிருந்து ஒரு சிறு தோட்டம் இருக்கிறது.

ஒருநாள் காலையில் மேற்சொன்ன மிட்டாய்க் கதை எனக்கே நடந்தது. அன்று மலைக்குப் போகும் வழி நெடுக ஜீப்பில் இருந்தவர்களிடம் அதைச் சொல்லிப் புலம்பினேன். பழைய காலத்து வியாபாரிகளின் நேர்மையைப் பற்றியும் நீண்ட பிரசங்கம் செய்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அவர்கள் எங்கள் தோட்டத்துக்குக் காய் எடுக்க வந்தவர்கள்.

மாலையில் எடைபோட்டோம். நாள் கூலிக்கு மேல், எடுத்த காய்க்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தோம். சாக்கின் எடைக்கும் காயில் இருக்கும் ஈரத்துக்கும் என்று ஆளுக்கு அரைக் கிலோ கழிப்பது எங்கள் வழக்கம். அத்தா காலத்து வழக்கம்தான். அன்றும் கழித்தேன். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் சாக்கை மடித்தபடியே மெதுவாகக் கேட்டார்: "பாய், காலையிலே மூணு ரூவாய்க்கு மிட்டாய் குடுத்தாங்கன்னு சொன்னீங்களே. எங்களுக்கு இந்த அரைக் கிலோவுக்கு மிட்டாயாவது உண்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அரைக் கிலோதானே தாயி, சின்ன விஷயம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்குச் சின்னதுதான் பாய். எனக்கு அது இருபது நிமிசம் குனிஞ்ச இடுப்பு" என்றார்.

ஏலச் செடியைக் கண்டவர்களுக்கு இது புரியும். காய் தலைக்கு மேலே தொங்குவதில்லை. செடியின் தூரிலிருந்து புறப்படும் சரத்தில், மண்ணையொட்டிக் காய்க்கிறது. குனிந்தோ குந்தியோ ஒவ்வொரு காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். அட்டை கடிக்கும், மழை நனைக்கும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு வெறும் சாக்கைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நூற்றைம்பது கிராம்கூட இல்லை. ஈரம் என்று கழித்ததற்கும் நியாயம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் கிலோவுக்குக் கூலியே பேசுகிறோம். பிறகு தனியாக ஈரக் கழிவு எதற்கு? அன்று வந்தவர்கள் பதினான்கு பேர். ஆளுக்கு அரைக் கிலோ என்றால் ஏழு கிலோ. சாக்குகளின் எடை போக மீதியெல்லாம் கூலி கொடுக்காமல் எடுத்துக்கொண்ட காய். அது காற்றில் போய்விடவில்லை. எங்கள் ஸ்டோரில் உலர்ந்து, எங்கள் மூட்டையில் ஏறி, எங்கள் பெயரில் விலை போயிற்று. இது ஒரு நாள் கணக்கு. இப்படி எத்தனை நாட்கள், எத்தனை ஆண்டுகள்!

சொல்லிலேயே இருக்கும் எச்சரிக்கை

திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்துக்கு அல்முதஃப்பிஃபீன் என்று பெயர். அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோர் என்று பொருள் சொல்லுகிறோம். தாங்கள் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை அந்த அத்தியாயம் கண்டிக்கிறது. அந்தப் பெயரின் வேர்ச் சொல்லைப் பாருங்கள். தஃபீஃப் என்றால் அரபியில் அற்பமானது, மிகச் சிறியது என்று பொருள். கொள்ளை அடிப்பவனுக்கோ சுவரில் கன்னம் வைப்பவனுக்கோ வைத்த பெயரல்ல இது. கொஞ்சமே கொஞ்சம் எடுப்பவனுக்கு வைத்த பெயர். தராசுத் தட்டை விரல் நுனியால் தொடுபவனுக்கு, படியின் தலையை ஒருமுறை கூடுதலாகத் தட்டுபவனுக்கு, "சின்ன விஷயம்தானே" என்பவனுக்கு வைத்த பெயர். பெரிய திருடனுக்குத் தான் திருடன் என்பது தெரியும். சின்னது எடுப்பவன் தன்னை நல்லவன் என்றே எண்ணிக்கொண்டு முன்வரிசையில் தொழுகிறான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். அடியில் ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். இந்த நிகழ்ச்சியை நாம் எல்லாரும் பயானில் கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் நம் கண்முன் நிற்பது யாரோ ஒரு கடைக்காரர்தான். நம் குவியலுக்குள் அந்தக் கை நுழைந்தால் என்ன தட்டுப்படும் என்று நாம் நினைப்பதில்லை.

இமாம் அபூஹனீஃபா அவர்கள் கூஃபா நகரில் பட்டுத் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியை, அதன் குறையைச் சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் ஒப்படைத்தார்களாம். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளவில்லை, முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு சொல்லுகிறது. ஒரு துணியின் ஒரு குறை. அதையும் அவர்கள் சின்னது என்று சொல்லவில்லை.

எது ஸபுரு? எது கோழைத்தனம்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். சின்னது என்று சொல்லும் உரிமை யாருக்கு? இழந்தவருக்கு மட்டுமே. மூன்று ரூபாயை இழந்த நான், "போகட்டும்" என்று மனமார விட்டுக் கொடுக்கலாம். அது ஸபுரு, அது அழகு. ஆனால் எடுத்தவன் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. அடுத்தவனின் ஹக்கை மன்னிக்கும் அதிகாரம் எடுத்தவனுக்கு இல்லை. வேடிக்கை பார்க்கும் மூன்றாமவனுக்கும் இல்லை. அடியார்களுக்குச் சேர வேண்டிய கடனை அந்த அடியாரிடம்தான் தீர்க்க வேண்டும் என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த பாலபாடம் அல்லவா?

மூன்றாமவன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்று நம்மில் பலர் கைப்பேசியில் பணம் அனுப்புகிறோம். நாற்பத்தேழு ரூபாய் என்றால் நாற்பத்தேழு ரூபாய்தான் போகிறது. மிட்டாய்க்கு அங்கே இடமில்லை. ஆகவே இந்தத் தொல்லை நமக்குக் குறைந்துவிட்டது. யாருக்குக் குறையவில்லை? கைப்பேசி இல்லாத கிழவிக்கு, நாணயங்களை முந்தானையில் முடிந்து வருகிறவளுக்கு. அவளுடைய பத்து ரூபாயைத்தான் கடையில் தள்ளிவிடுகிறார்கள். அவளுடைய மீதிதான் மிட்டாயாகிறது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஸபுரு செய் பாட்டி" என்று நாம் சொன்னால் அது ஸபுரு அல்ல. நம் பையிலிருந்து எதுவும் போகாத பொறுமைக்கு என்ன மதிப்பு? அங்கே, "இந்தக் காசு செல்லும், வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மரியாதையாக ஒரு வார்த்தை சொல்வது நம் கடமை. சத்தம் வேண்டாம், சண்டை வேண்டாம். கேட்டும் திருந்தாத பெரிய குறைகளுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் அந்த எண்ணைச் சுழற்றுமுன் நம் தராசை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு மாதச் சம்பளத்தில் சில்லறையை எந்தப் பக்கம் திருப்புகிறோம்? ஆட்டோக்காரரிடம் பேசிய தொகையில் இறங்கும்போது ஐந்து ரூபாயைக் குறைக்கிறோமா? ஏலக்காய் பச்சையாக மின்ன வேண்டும் என்று சாயம் ஏற்றுபவர்களைத் தெரிந்தும், விலை நன்றாக வருகிறதே என்று வாயை மூடிக்கொள்கிறோமா? நம் பிள்ளைகள் இவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மதரஸாவில் ஓதுவதைவிட, நம் கை தராசில் என்ன செய்கிறது என்பதிலிருந்தே அவர்கள் அதிகம் கற்கிறார்கள்.

என் கதையின் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன். மறுநாள் முதல் வெறும் சாக்கைத் தனியே நிறுத்து அதை மட்டும் கழிக்கிறோம். அன்று வந்த பதினான்கு பேருக்கும், அந்தப் பருவத்தில் கழித்ததைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் முந்திய ஆண்டுகளில் வந்தவர்கள்? பலர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். சிலர் மவுத்தாகியும் விட்டார்கள். கணக்கு நோட்டில் பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம். தேடிக் கிடைத்தவர்களுக்குக் கொடுத்தேன். கிடைக்காதவர்களின் பங்கை, நன்மை அவர்களுக்கே சேரட்டும் என்ற நிய்யத்துடன் ஏழைகளுக்குக் கொடுத்து வருகிறேன். ஆலிம்களைக் கேட்டுத்தான் இப்படிச் செய்கிறேன். ஆயினும் மனம் ஆறவில்லை. அவர்கள் நாளை மறுமையில் என் எதிரே வந்து, "நான் மன்னிக்கவில்லையே" என்று சொன்னால்? எது சின்னது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

வாங்கும்போது நிறைவாகக் கேட்கும் நமக்கு, கொடுக்கும்போதும் நிறைவாகக் கொடுக்கும் மனத்தை வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.