நாத்திகரோடு பேசப் புகும் விசுவாசிக்கு

சத்தியமங்கலத்தில் பவானியாற்றங்கரையில் ஒரு மாலை வேளை, நெடுங்காலம் என்னோடு பழகிய கறுப்புச் சட்டை நண்பர் ஒருவரிடம், இந்தப் பிரபஞ்சத்துக்கு ஒரு காரணகர்த்தா இருந்தே தீர வேண்டும் என்பதை நான் கற்ற நூல்களின் துணைகொண்டு ஒரு மணி நேரம் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். குறுக்கே ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் முடித்த பின், "சரிங்க, கடவுள் இருக்காருன்னே வெச்சுக்குவோம். எங்க அப்பாரைக் கோயில் வாசல்லயே நிறுத்தி வெச்சாங்களே, அன்னைக்கு அவரு என்ன பண்ணிட்டு இருந்தாருங்க?" என்று கேட்டார். கொங்கு வழக்கில் 'அப்பாரு' என்று தம் பாட்டனாரைக் குறித்து அவர் கேட்ட அக்கேள்விக்கு என் தர்க்கத்தில் ஓர் இடமும் இல்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

அக்கேள்வி இந்த மண்ணில் விளைந்தது. 1879-இல் ஈரோட்டில் பிறந்த பெரியார், 1925-இல் அவ்வூரிலிருந்தே 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். பகத்சிங் லாகூர்ச் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையை 1930-களில் ப. ஜீவானந்தம் தமிழாக்க, அதுவும் ஈரோட்டிலிருந்தே நூலாக வெளிவந்தது. அதன் பொருட்டு ஜீவானந்தம் கைது செய்யப்பட்டார். ஐரோப்பிய நாத்திகம் பெரும்பாலும் விஞ்ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததென்றால், கொங்கு நாட்டு நாத்திகம் மனிதனை மனிதன் இழிவு செய்ததைக் கண்டு பொறாத நெஞ்சிலிருந்து வந்தது என்று சொல்லலாம். இந்த வேற்றுமையை அறியாமல் வாதத்துக்குப் புகும் கிறிஸ்தவன், கேளாத கேள்விக்கு விடை சொல்லிக் கேட்ட கேள்வியை விட்டுவிடுகிறான்.

இதனால் பழைய பிரமாணங்கள் வீண் என்று நான் கூறவில்லை. தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு அவ்வாறு மாறாத ஒரு கர்த்தா வேண்டும் என்று, மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் முதற் சூத்திரத்திலேயே அனுமானிக்கிறது. அதே 13-ஆம் நூற்றாண்டில், தமிழகத்தின் பெயரையும் அறிந்திராத தாமஸ் அக்குவினாஸ் என்னும் இத்தாலியத் துறவி, தம் ஐந்து வழிகளில் ஏறக்குறைய அதே படிகளில் ஏறினார். சமயத்தாலும் கடலாலும் பிரிந்திருந்த இருவர் ஒரே வினாவில் வந்து சேர்ந்தது, அந்த வினா மனித புத்திக்கு இயல்பானது என்பதற்குச் சான்றாகும். "எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்குக் காரணம் யார்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்று அக்குவினாஸ் சொல்லவில்லை. இல்லாமற் போகக்கூடியது எதுவோ அதற்கே காரணம் வேண்டும் என்றார். ஆயினும், அந்த முதற்காரணம் நம் ஜெபத்தைக் கேட்கும் தந்தை என்பது இந்த யுக்தியினால் மட்டும் தேறிவிடாது என்பதையும் நாமே முன்வந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒழுங்கைக் காட்டிக் கடவுளை நிறுவும் வாதமும் அவ்வாறே. பவானிசாகர் அணையைக் காண்பவன், எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மண்ணணை தானாகக் குவிந்தது என்று எண்ணமாட்டான். அதுபோலவே உலகமும் என்று நாம் உபதேசிக்கிறோம். 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த அந்த அணை எழுவதைக் கண்ணால் கண்டவர்கள் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள்; உலகங்கள் எழுவதைக் கண்டவர் யார்? தத்துவஞானி டேவிட் ஹியூம், தாம் காலமான பின் 1779-இல் வெளிவந்த நூலில் எழுப்பிய ஆட்சேபத்தின் சாரம் இதுவே. அதைக் கேலி செய்து ஒதுக்குவது நேர்மையாகாது. அணையின் உவமை விசுவாசிக்கு வியப்பை வளர்க்கும். விசுவாசம் இல்லாதவரை வாயடைக்கும் ஆயுதமாக அதை ஏந்தினால் அது நம் கையிலேயே முறியும்.

இவற்றினும் கனமானது துன்பத்தைப் பற்றிய கேள்வி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர் பலரைக் கடல் கொண்டுபோயிற்று. பேராலயம் தப்பி நின்றது. ஆலயம் தப்பியதை அற்புதம் என்று கொண்டாடியவர்களை நான் அறிவேன். அவர்கள் பக்தியில் எனக்கு ஐயமில்லை. என்றாலும், பிள்ளையை இழந்த தாயின் முன்னே அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா என்று அவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கல்லைக் காத்துக் குழந்தையைக் கைவிட்ட கடவுளை அல்லவா அவர்கள் அறியாமல் சித்திரித்துவிட்டார்கள்! யோபுவின் நண்பர்கள் அவனோடு ஏழு நாள் மௌனமாகத் தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாயிருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்னரே கடவுளின் கண்டனத்துக்கு ஆளானார்கள்.

இனி, என் நண்பரின் பாட்டனாருக்கு வருகிறேன்; அதற்கு முன் எங்கள் சபையின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1606-இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்தித் தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட ராபர்ட் தெ நோபிலி, கடவுள் உண்மையையும் ஆன்மாவின் இயல்பையும் தமிழ் உரைநடையில் தர்க்க முறையில் நிறுவியவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர். அவருடைய மதுரை மிஷனைச் சார்ந்த சேசு சபையார் அந்நூற்றாண்டிலேயே இந்தச் சத்தியமங்கலத்திலும் ஒரு சபையைக் கண்டார்கள். அத்தகைய மேதை, சாதியை லோகாசாரம் என்று கருதி விட்டுவைத்தார். உயர்ந்தோரெனப்பட்டவர்க்குச் சந்நியாசிகளும் ஏனையோர்க்குப் பண்டார சுவாமிகளுமாகக் குருமாரும் பிரிந்து நின்றார்கள். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிவாரியாக ஜனங்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்களில் அப்பிரிவினை முற்றும் அழிந்ததென்று இன்றும் சொல்வதற்கில்லை. ஆகவே கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பெரியவர் எங்கள் வாசலுக்கு வந்திருந்தாலும் நாங்கள் அவரை எங்கே அமர்த்தியிருப்போம் என்ற கேள்வி என்னை விடவில்லை.

அடுத்த முறை சந்தித்தபோது இதையெல்லாம் நண்பரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அதன் பிறகே, "உங்கள் பாட்டனாருக்கு நேர்ந்தது அநீதி என்று நீங்கள் கொதிக்கிறீர்களே, ஊரும் சாஸ்திரமும் ராஜாங்கமும் ஒருங்கே சரியென்று சொன்ன காலத்திலும் அது அநீதியாகத்தானே இருந்தது? அவர்கள் எல்லாரையும் விட மேலான அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் துணிவு எனக்கு வந்தது. மனிதர் கூடி வாழ்ந்த அனுபவத்தில் விளைந்ததே அந்த அளவுகோல் என்றார் அவர். கூடி வாழ்ந்தவர்கள்தாமே அவரை வெளியே நிறுத்தினார்கள் என்றேன் நான். இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் ஜெயித்ததாக அவர் ஒப்பவில்லை, நானும் எண்ணவில்லை. ஆனால் முதன்முறையாக இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசினோம்.

கடவுள் இல்லையென்பவனை மதிகேடன் என்னும் சங்கீத வசனத்தை அயலாரின் மேல் வீசும் சகோதரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடு விடை சொல்லுமாறு பேதுரு கட்டளையிட்டார். அக்கட்டளையில் சாந்தம் விடையோடு சேர்ந்தே வருகிறது. தர்க்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அதன் எல்லையையும் கற்றுக்கொள்ளுங்கள், எதிரே இருப்பவரின் காயத்தைக் கேட்டறிந்து, அதில் நம் சபையின் பங்கு உண்டென்றால் அதை முதலில் அறிக்கையிடுங்கள். நம் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஒன்றேனும் எஞ்சியிருக்கும் வரை, சகல மனிதருக்கும் ஒரே தந்தை உண்டு என்று நாம் சொல்லும் பிரமாணத்தை நாமே பொய்யாக்குகிறோம். அந்தச் சுவரை இடித்துவிட்டு நாத்திகரோடு பேசப் போவோம்.