பிணத்துக்கு மறுக்கத் தெரியாது

"செத்தவருக்கு என்ன தெரியப் போகிறது?" பிணத்தின் படத்தை ஏன் போட்டீர்கள் என்று கேட்டால் வரும் முதல் பதில் இது. பத்திரிகை அலுவலகத்தில் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வார்கள். டீக்கடையில் செல்போனைக் கைமாற்றுகிறவர் அப்படியே சொல்வார். ஆன்மா, ஆவி, மறுமை எதையும் ஏற்காதவர்கள் இந்தப் பதிலைக் கேட்டு வாயடைத்துப் போவார்கள் என்றும் சிலருக்கு நினைப்பு. உயிர் போனால் வெறும் உடல் என்று மேடையில் முழங்குகிறவர்கள் நீங்கள்தானே, பிறகு எதற்கு இந்தப் பதைப்பு என்று மடக்குகிறார்கள்.

சரி, அந்த இடத்திலேயே தொடங்குவோம். செத்தவருக்குத் தெரியாது. வலிக்காது, வெட்கம் வராது. மேலே உட்கார்ந்து கணக்கு எழுத ஆளும் கிடையாது. ஆகவேதான் பொறுப்பு முழுவதும் நம் தலையில் வந்து இறங்குகிறது. முகத்தை மூடிக்கொள்ள அவர் கை எழாது. விலகிய துணியை இழுத்து விட்டுக்கொள்ள முடியாது. எடுக்காதே என்று சொல்ல நாக்குப் புரளாது. நாளை வந்து வழக்குப் போட மாட்டார். மறுக்கவே முடியாத ஒருவரிடம் நமக்கு உரிமை கூடுகிறதா, குறைகிறதா? யோசித்துச் சொல்லுங்கள். இறந்தவர் எழுதிய உயிலை நீதிமன்றம் செல்லும் என்கிறது. அவருடைய ஆன்மா எங்கே இருக்கிறது என்று எந்த நீதிபதியும் விசாரிப்பதில்லை.

ஆன்மாவை நம்பாத பலர் தங்கள் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைக்கிறார்கள். ஜோதி பாசுவின் உடல் 2010இல் கொல்கத்தாவில் மருத்துவ ஆய்வுக்குப் போனது. சீதாராம் யெச்சூரியின் உடல் 2024இல் டெல்லி எய்ம்ஸுக்குப் போனது. அப்படி வரும் உடலை அறுத்துப் படிக்கப் போகிற முதலாண்டு மாணவர்கள், பல கல்லூரிகளில், அதன் முன் நின்று உறுதிமொழி எடுத்த பிறகுதான் கத்தியைத் தொடுகிறார்கள். அந்தக் கூடத்தில் செல்போனை எடுத்துப் படம் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு மருத்துவ மாணவரைக் கேட்டுப் பாருங்கள். கத்தி வைக்கலாம், கேமரா வைக்கக் கூடாது. கத்திக்கு அவர் உயிரோடு இருந்தபோதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கேமராவுக்குக் கொடுக்கவில்லை. இதில் எந்த மதமும் கிடையாது, சடங்கும் கிடையாது. மனிதர் மனிதருக்குத் தரும் மரியாதை மட்டுமே இருக்கிறது.

பிணத்தைப் படம் எடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பாவம் என்ற கணக்கே எனக்குக் கிடையாது. ஒரு காலத்தில் நம் ஊர்களில் வீட்டில் சாவு விழுந்தால் போட்டோ ஸ்டுடியோக்காரரை வரவழைப்பார்கள். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வாழ்நாளில் ஒரு முறைகூடக் கேமரா முன் நிற்காத எத்தனையோ ஏழைகளுக்கு அந்த ஒரு படம்தான் மிச்சம். அதில் என்ன அநாகரிகம்? அழைத்தது அந்த வீட்டார். படம் மாட்டப்பட்டதும் அந்த வீட்டுச் சுவரில்.

இன்று அதே ஊர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறோம். எந்தப் படத்தைப் போடுகிறோம்? இருப்பதிலேயே நல்ல படத்தை. கல்யாண ஆல்பத்தில் தேடி, சலவைச் சட்டையோடு சிரிக்கும் முகத்தை வெட்டி எடுத்துப் போடுகிறோம். தன் அப்பா லாரியில் அடிபட்டுக் கிடந்த கோலத்தைப் போஸ்டரில் போட்ட மகனைக் கண்டதுண்டா? நம் வீட்டுச் சாவுக்கு எது தகும், எது தகாது என்று நமக்கு நன்றாகவே தெரிகிறது. அடுத்த வீட்டுச் சாவு என்றதும் அந்த அறிவு எங்கே போகிறது?

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் கருகிப் போனார்கள். அந்த உடல்கள் வரிசையாகக் கிடந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. என் பிள்ளை எது என்று பெற்றவர்களே அடையாளம் தெரியாமல் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. கேட்டால், உண்மையைக் காட்டினோம் என்றார்கள். எந்த உண்மையை? பிள்ளைகளைக் கொன்றது மேல்மாடிக் கீற்றுக் கூரை. கீழே எரிந்த சமையல் அடுப்பு. ஒரே கட்டடத்தில் பல பள்ளிகளை நடத்திய பேராசை. ஓடித் தப்ப வழி தராத குறுகிய படிக்கட்டு. இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டு அங்கீகாரம் கொடுத்த அதிகாரிகள். இவற்றில் ஒன்றாவது கருகிய பிள்ளையின் உடலில் தெரிகிறதா? படிக்கட்டைப் படம் எடுத்துப் பெரிதாகப் போட்டிருந்தால், தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் படிக்கட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் பெற்றோருக்குத் தோன்றியிருக்கும். உடலைப் பார்த்தவர்கள் அழுதார்கள். அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள். தஞ்சாவூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் ஆயின.

உலுக்கினால்தான் சமூகம் விழிக்கும் என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த மூன்று வயதுகூட நிரம்பாத அந்தச் சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படம் ஐரோப்பாவையே உலுக்கியது. சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த நன்கொடைகள் ஒரே வாரத்தில் நூறு மடங்குக்கு மேல் எகிறின என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். ஆறு வாரங்களில் அந்த அலை வடிந்தது என்பதையும் அவர்களே எழுதினார்கள். மறு ஆண்டு மார்ச்சில், அகதிகளைத் திருப்பி அனுப்பத் துருக்கியோடு ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பந்தம் போட்டது. படம் இதயத்தைத் தொட்டது, கொள்கையைத் தொட்டதா?

யாருடைய உடல் அச்சில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தாக்குதலில் எரிந்துகொண்டிருந்த நியூயார்க் கோபுரத்திலிருந்து தலைகீழாக விழுந்துகொண்டிருந்த மனிதரை ரிச்சர்ட் ட்ரூ எடுத்த படம் 2001 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தது. வாசகர்கள் கொதித்தார்கள். பத்திரிகைகள் அதை ஓரம் கட்டின. அந்த நாட்டுப் பத்திரிகைகளே சூடான் பஞ்சத்தில் சுருண்டு கிடந்த குழந்தையை உலகம் முழுவதற்கும் காட்டின, அந்தப் படத்துக்கு அங்கே பரிசும் கிடைத்தது. இங்கே மட்டும் வேறு கதையா? ஆசிரியர்களே, நேர்மையாகச் சொல்லுங்கள். உங்களுக்கு விளம்பரம் தரும் முதலாளியின் மகள் விபத்தில் இறந்தால், சிதைந்த முகத்தை நெருக்கத்தில் காட்டுவீர்களா? பிணவறை வாசலில் அந்தத் தாயின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டுவீர்களா? குடிசைக்காரி என்றால் நீட்டுகிறீர்கள். 2025 செப்டம்பரில் 41 பேரைப் பலிகொண்ட கரூர்க் கூட்ட நெரிசல் நடந்த இரவில், மருத்துவமனையிலிருந்து வந்த காட்சிகளை இந்தக் கேள்வியோடு நினைத்துப் பாருங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. சிதைந்த உடல்களின் படங்களைத் தவிர்க்கச் சொல்லி இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை இருக்கிறது. மீறினால் மன்றம் கண்டிக்கலாம், ஒரு ரூபாய்கூட அபராதம் போட முடியாது. தொலைக்காட்சிகளுக்கு 2023 ஜனவரியில் ஒன்றிய அரசின் அறிவுரை போனது. நிலைமை மாறியதா என்பதை நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட பெண்ணின் உடல் மூடப்படாமல் நெடுநேரம் கிடந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அந்த நேரத்துக்குள் படம் எத்தனை போன்களுக்குப் போயிருக்கும்? ஒரு வேட்டி, ஒரு துப்பட்டா, ஒரு செய்தித்தாள், எதையாவது எடுத்துப் போர்த்தச் சட்டம் வேண்டுமா?

போனில் எடுக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. நெடுஞ்சாலையில் ஒருவர் ரத்தத்தில் கிடக்கிறார். ஏன் தூக்கவில்லை என்றால், உதவினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய விடுவார்கள் என்கிறீர்கள். அந்தச் சாக்கு காலாவதியாகிவிட்டது. உதவுகிறவரைத் தொல்லை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு சேர்த்துவிட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் அதே போனில் 108ஐ அழுத்தலாம். வீடியோ பட்டனை அழுத்துகிறீர்கள். இரண்டுக்கும் ஒரே விரல்தான் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எதையுமே காட்டக் கூடாதா? அப்படிச் சொல்லி அரசுகளுக்கு வசதி செய்து கொடுக்க நான் தயாராக இல்லை. போரிலிருந்து திரும்பிய சவப்பெட்டிகளைப் படம் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசு 1991 முதல் 2009 வரை தடை போட்டு வைத்திருந்தது. மக்கள் பார்த்தால் போரைக் கேள்வி கேட்பார்கள் என்ற பயம். ஆட்சியாளர்கள் மறைக்கும் பிணத்தை வெளியே கொண்டுவருவது பத்திரிகைத் தொழிலின் கடமை. ஆக, ஒவ்வொரு படத்திடமும் கேட்க வேண்டியது இது: நீ யாரை நோக்கி விரல் நீட்டுகிறாய்? உன்னைக் காட்டச் சொன்னது யார்?

1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கடத்திச் சித்திரவதை செய்து கொன்று ஆற்றில் வீசினார்கள். உடல் சிகாகோவுக்கு வந்ததும் அவன் தாய் மேமி டில் சவப்பெட்டியை மூட விடவில்லை. என் மகனை என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்றார். சிதைந்த அந்த முகத்தை ஜெட் என்ற கறுப்பினப் பத்திரிகை வெளியிட்டது. கொலைகாரர்களை முழுக்க வெள்ளையர்கள் இருந்த நடுவர் குழு விடுதலை செய்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த ஒரு தலைமுறை குடிமை உரிமைப் போராட்டத்தில் இறங்கியது. பார்க்கவே முடியாத படம்தான். முடிவு எடுத்தது பெற்றவள். விரல் நீண்டது கொன்றவர்களை நோக்கி, அவர்களைக் காத்த நிறவெறியை நோக்கி.

இதைச் சொல்லிவிட்டு நம் பக்கத்துச் செய்தியைச் சொல்லாமல் போனால் அது கோழைத்தனம். பலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

2009இல் ஈழத்துப் போரின் கடைசி மாதங்களில் எடுக்கப்பட்ட படங்களும் காணொளிகளும் வெளியே வந்தன. கைகள் கட்டப்பட்டு, நிர்வாணமாக, சுட்டுக் கொல்லப்பட்ட தமிழர்கள். ஆகஸ்டில் சேனல் 4 முதல் காணொளியை ஒளிபரப்பியது. இலங்கை அரசு போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், துப்பாக்கிச் சூடு, தடயவியல், காணொளி ஆகிய துறைகளின் நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். சான்று போக வேண்டிய வழி அது. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் உலகம் இன்னும் எளிதாகக் கைகழுவியிருக்கும். அவை வெளிவந்தது சரி, ஆயிரம் முறை சரி.

ஆனால் தமிழ்நாட்டில் நாம் என்ன செய்தோம்? துணி உருவப்பட்டுக் கிடந்த பெண்களின் உடல்களைச் சுவரொட்டியில் போட்டோம். பிளெக்ஸ் அடித்துப் பேருந்து நிலையத்தில் கட்டினோம். கீழே கட்சித் தலைவரின் படம், மாவட்டச் செயலாளரின் படம், அவர்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையில். ஒரு நிமிடம் நின்று யோசித்தோமா, இந்தப் படத்தை எடுத்தது யார் என்று? கொன்ற பக்கத்தில் நின்றவர்கள். எதற்காக எடுத்தார்கள்? வெற்றிச் சின்னமாக வைத்துக்கொள்ள, இழிவுபடுத்த. அந்த இழிவு எங்கோ ஒரு சிப்பாயின் போனில் கிடந்தது. அதைப் பத்தடி அகலத்துக்குப் பெரிதாக்கித் தெருவில் கட்டியது நாம். இனமானம் என்று அதற்குப் பெயரும் வைத்தோம். உயிரோடு இருந்தால் அந்தப் பெண்களில் ஒருத்தியாவது இதற்குச் சம்மதித்திருப்பாளா? அவர்களுடைய தாய், தங்கையிடம் யாராவது கேட்டார்களா? ஐ.நா.வுக்குத் தேவைப்பட்ட சான்று நம் ஊர் மின்கம்பத்துக்கு எதற்குத் தேவைப்பட்டது?

2013 பிப்ரவரியில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்தன. ஒன்றில் மார்பில் குண்டுகள் பாய்ந்து இறந்து கிடக்கிறான். இன்னொன்றில் மணல்மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கையில் ஏதோ தின்பண்டத்தோடு, எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான். சில மணி நேர இடைவெளியில் ஒரே கேமராவில் எடுக்கப்பட்டவை என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். சண்டையில் குறுக்கே சிக்கிச் செத்தான் என்று இனி யாராலும் சொல்ல முடியாதபடி செய்தது எந்தப் படம்? அவன் உயிரோடு உட்கார்ந்திருக்கும் படம். பிடித்து வைத்து, தின்னக் கொடுத்து, பிறகு சுட்டிருக்கிறார்கள் என்று அதுதான் சொல்கிறது. அடுத்த மாதம் தமிழ்நாட்டு மாணவர்கள் கல்லூரிகளை விட்டுத் தெருவுக்கு வந்தபோது, அவர்கள் மனத்தில் இருந்தது அந்த உயிருள்ள முகம்.

கொல்லப்பட்ட அந்தப் பெண்களுக்கும் உயிருள்ள முகம் இருந்தது. பள்ளிச் சீருடையில், ஒரு பிறந்தநாளில், அடையாள அட்டையில் எங்கோ ஒரு படம் இருக்கும். தேடிப் பிடிக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். உறவினரைக் கண்டுபிடித்துக் கேட்க வேண்டும், மறுத்தால் திரும்பி வர வேண்டும். ஈழத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு மே மாதமும் நினைவேந்தல் நடத்துகிறவர்களே, அடுத்த முறை எந்தப் படத்தை அச்சகத்துக்கு அனுப்பப் போகிறீர்கள்?