உதிரும் மலர் உணர்த்துவது யாது?

செர்ரி மரத்தை ஜப்பானியர் 'சகுரா' என்பர். இளவேனிலில் அது பூத்ததும் குடும்பத்தினரும் நண்பர்களும் மரத்தடியில் விரிப்பு விரித்தமர்ந்து, கொண்டுவந்த உணவைப் பகிர்ந்துண்டு மகிழ்வர். மதுவருந்திக் களிப்போரும் உளர். மலர் காணல் எனப் பொருள்படும் 'ஹனாமி' என்பதே இவ்வழக்கத்தின் பெயர். கி.பி. 812இல் பேரரசர் சாகா கியோட்டோவில் மலர் விருந்து நடத்தினார். அரசவையினர் நுகர்ந்த இவ்வின்பம், 18ஆம் நூற்றாண்டில் ஷோகுன் யோஷிமுனே அசுகாயாமா குன்றில் மரங்களை நடுவித்தபின், இன்றைய டோக்கியோவின் எளிய மக்களுக்கும் கிட்டியது.

முழுதும் மலர்ந்த மரம் ஏறக்குறைய ஒரு வாரமே அவ்வாறு நிற்கும்; காற்றும் மழையும் வரின் அதுவும் இல்லை. இதழ்கள் உதிரும் காட்சியையும் மக்கள் விரும்பிக் காண்கின்றனர். கிளையை ஒடித்தல் முறையன்று என்பது அங்குள்ள ஒழுக்கம். கண்டு மகிழ்ந்து, கைக்கொள்ளாது திரும்பும் இம்மகிழ்ச்சியைப் பற்று என்று நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. பன்னிரு சிந்தனைகளுள் அநித்தியத்தை முதலாவதாகக் கொண்ட நமக்கு இது அயலான உணர்வும் அன்று.

எனினும், நிலையாமையை உணர்ந்த உள்ளம் தானாகவே அருளுடையதாகிவிடுமா? 1598ஆம் ஆண்டின் இளவேனிலில் டொயோடோமி ஹிதேயோஷி தைகோ ஆலயத்தில் ஏறக்குறைய 700 மரங்களை நடுவித்துப் பெருவிருந்து நிகழ்த்தினார். அவ்வேளையிலும் அவர் படைகள் கொரியாவில் போரிட்டுக்கொண்டிருந்தன. அவ்வாண்டு முடியுமுன் அவரும் மறைந்தார். இரண்டாம் உலகப் போரிலோ, சகுராவைப் போல் உதிர்வதே பெருமை என இளைஞர்களுக்குப் போதிக்கப்பட்டது. 1945இல் வெடிமருந்துடன் கப்பல்கள்மீது மோதுமாறு அவர்கள் ஏற்றி அனுப்பப்பட்ட ஊர்திக்கு 'ஓக்கா' என்று பெயர். அதன் பொருளும் செர்ரி மலரே.

மலர் தன் பருவத்தில் தானே உதிர்கிறது. அவ்விளைஞர்களோ உதிர்க்கப்பட்டனர். மரம் மறு ஆண்டும் பூக்கும். மகனை இழந்த தாய்க்கு அவன் மீண்டும் வருவதில்லை. எல்லாம் அழியும் என்னும் உண்மையை நம் உடைமையின்மீதும் செருக்கின்மீதும் செலுத்தினால் அது ஞானமாகும். பிறர் உயிரின்மீது செலுத்தினால் அதுவே கொடுமைக்குச் சொல்லும் சமாதானமாகிவிடும்.

சிறிது காலமே வாழ்வது எதுவாயினும், அச்சிறு காலத்தையும் நாம் குறைக்கலாகாது. மலர்க்கிளையை ஒடிக்காத அக்கை, எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாத கையாகவும் அமைதல் வேண்டும். நிலையாமையை எண்ணுந்தோறும் நாம் இதனையும் உடன் எண்ணுவோமாக.