அன்றாட வேதவாசிப்பும் தெரிவின் சிக்கலும்

பழக்கம் அறத்தின் தொடக்கமா, அன்றி அதன் உறக்கமா என்னும் வினா மெய்யியலில் பழமையானது. ஒழுக்கப் பண்புகள் இயற்கையாய் அமைவனவல்ல, மீண்டும் மீண்டும் செய்தலினால் உண்டாவன என்றார் அரிஸ்டோட்டில். கான்றோ, சிந்தனையின்றிப் பழக்கத்தால் மட்டும் நிகழும் செயலுக்கு ஒழுக்கப் பெறுமதி வழங்கத் தயங்கினார். ஒரு மறைநூலை நாள்தோறும் வாசிக்கும் வழக்கம் இவ்விரு கருத்துகளுக்கும் நல்லதொரு சோதனைக் களமாகும். சைவர் திருமுறை ஓதுவர். இஸ்லாமியர் குர்ஆனை முப்பது பகுதிகளாக வகுத்து ஒரு திங்களில் ஓதி முடிப்பர். கிறித்தவரிடையே நிலவும் அன்றாட வேதாகம வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை நோக்குகின்றது.

வேதாகமத்தை ஓர் ஆண்டில் வாசித்து முடிப்பதற்கென வகுக்கப்பட்ட அட்டவணைகளுள் இன்றும் வழக்கிலுள்ள ஒன்று, ஸ்கொத்லாந்திலே டண்டீ நகரின் குருவாயிருந்த றொபேட் மறே மக்ஷெயின் 1842இல் தம் சபையாருக்கு எழுதியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அதிகாரங்கள். ஆண்டு முடிவில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரு முறையும் வாசிக்கப்பட்டிருக்கும். இதனை வகுத்தவரே இதன் கேடுகளை முதலிற் கூறிவிடுகிறார் என்பது கவனித்தற்குரியது. வாசிப்பு வெறுஞ் சடங்காகலாம்; வாசித்து முடித்தேன் என்னும் தற்பெருமை தோன்றலாம்; கருத்தின்றிக் கண் மட்டும் ஓடலாம்; சிலருக்கு அது சுமக்கவொண்ணாத நுகமாகலாம். அட்டையில் அன்றைய கட்டத்துக்கு நேரே அடையாளமிட்டவுடன் கடமை தீர்ந்ததென நூலை மூடிவைப்பவரை அறிந்த எவரும் இதனை மறுக்கமாட்டார். கான்றின் ஐயத்தைக் குருவொருவர் தம் அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவைத்தார் எனலாம். மக்ஷெயின் அடுத்த ஆண்டே, இருபத்தொன்பது வயதில் இறந்துபோனார். அட்டவணை அவரினும் நெடுங்காலம் வாழ்கின்றது.

இத்துணைக் கேடுகளையும் அறிந்தவர் அட்டவணையை ஏன் வகுத்தார்? அவர் கூறும் நன்மைகளுள் ஒன்று மிக எளியது: எதை வாசிப்பது எனத் தேடிக் காலம் போக்க வேண்டியதில்லை. காலச் சிக்கனம் போலத் தோன்றும் இக்கூற்றினுள்ளே ஒரு பெரிய ஒழுக்கப் பிரச்சினை மறைந்துள்ளது. தெரிவு வாசகனிடம் விடப்பட்டால் அவன் எதைத் தெரிவான்? துயருற்றவன் ஆறுதலை நாடுவான். சினமுற்றவன் தன் சினத்துக்குச் சான்று தேடுவான். பொருள் சேர்த்தவன் செல்வரைக் கடிந்துரைக்கும் பக்கங்களைக் கடந்து செல்வான். கோடிட்டு வைத்த வசனங்களை மட்டும் மீண்டும் மீண்டும் படிப்பவன், ஈற்றில் தன் கையெழுத்தையே படித்துக்கொண்டிருக்கிறான்.

தெரிவைக் கைவிடுவதற்கு வேறொரு வழியும் உண்டு. அது தற்செயலிடம் ஒப்படைப்பது. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகஸ்தீன் பவுலின் நிருபத்தைத் திறந்து, முதலில் கண்ணிற்பட்ட பகுதியைத் தமக்குரிய கட்டளையாகக் கொண்டமை பலரும் அறிந்தது. திருமுறை ஏட்டிற் கயிறு சாத்திப் பார்க்கும் நம்மவர் வழக்கம் இதற்கு அயலானதன்று. யேர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் மொறேவிய சகோதரர், நாளுக்கொரு வசனத்தைச் சீட்டுப் போட்டெடுத்துச் சிறு நூலாக 1731 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகின்றனர். இந்நூலை நாடோறும் வாசித்தவர்களுள் ஒருவர், நாட்சி ஆட்சியை எதிர்த்து 1945 ஏப்பிரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட இறையியலாளர் டீட்றிச் பொன்ஹோபர்.

1939 ஜூனில் நண்பர்களின் ஏற்பாட்டில் அவர் நியூயோர்க் சென்று சேர்ந்தார். போர் வரப்போவதை அனைவரும் உணர்ந்திருந்த காலம் அது. அங்கே பணியுமிருந்தது, பாதுகாப்புமிருந்தது. ஆயினும் ஒரு திங்கள் கழியுமுன்னே அவர் தாயகம் திரும்பப் புறப்பட்டுவிட்டார். அந்நாட்களில் அவர் எழுதிய குறிப்புகளில் இரு வசனங்கள் இடம்பெறுகின்றன. ஒன்று, விசுவாசிப்பவன் பதறி ஓடான் எனப் பொருள்தரும் ஏசாயாவின் வாக்கு. மற்றது, மாரிக்கு முன் வந்து சேருமாறு பவுல் தீமோத்தேயுவை வேண்டிக்கொள்ளும் வரி. சிறையிலிருந்த முதியவரொருவர் தம் நண்பருக்கு எழுதிய இந்தச் சாதாரண வேண்டுகோளைத் தமக்குச் சொல்லப்பட்டதாகக் கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது எனவும் பொன்ஹோபர் குறித்துள்ளார்.

ஆகாதா? இங்கே சற்று நின்று பார்த்தல் தகும். அமெரிக்காவிலே தங்குவதில்லையென அவர் தமக்கு இடமளித்தோரிடம் அறிவித்தது ஜூன் 20ஆம் நாள். ஏசாயாவின் வசனம் வந்தது 24இல். தீமோத்தேயுவுக்கான வரியை அவர் வாசித்தது 26இல். எனவே வசனம் முடிவைத் தரவில்லை. முடிவெடுத்தவனிடமே வசனம் வந்து சேர்ந்தது. தமது முடிவின் உண்மையான நோக்கங்கள் தமக்கே தெளிவாயில்லை என்றும் அவர் அதே நாட்களில் எழுதினார். இந்த ஒப்புதல் இல்லாதிருப்பின், அவரது வாசிப்பைச் சோதிடம் பார்ப்பதிலிருந்து வேறுபடுத்துவது அரிது. அதே சிறு நூலை அதே காலைகளில் வாசித்துவிட்டு, அரசுக்குப் பணிந்து அமைதியாகத் தம் அலுவலுக்குச் சென்ற யேர்மனியரும் பலர். தற்செயல் தருகின்ற வசனத்துக்கும் பொருளைத் தருபவன் வாசகனே. தெரிவைக் கைவிட்டதாக எண்ணிக்கொண்டு, அதனைப் பின்வாயில் வழியே அழைத்துக்கொள்வது எளிது.

அவருடைய வேதாகமப் பிரதியில் வேறொரு தடயம் உண்டு. 74ஆம் சங்கீதத்திலே, நாட்டிலுள்ள இறைவழிபாட்டிடங்கள் யாவும் எரிக்கப்பட்டமையைப் புலம்பும் அடியருகே அவர் எழுதியது ஒரு திகதி மட்டுமே: 9.11.38. யேர்மனியெங்கும் யூதரின் செபக்கூடங்கள் கொளுத்தப்பட்ட இரவு அது. இவ்வசனம் அவருடைய விருப்பம் எதனையும் உறுதிப்படுத்தவில்லை, தேறுதலும் தரவில்லை. அவர் சார்ந்த திருச்சபையோ பெரும்பாலும் வாய் திறவாதிருந்தது. சங்கீதங்களை ஒழுங்காய் ஓதி வந்தவருக்கு, அன்றைய செய்தியின் பெயர் ஏற்கெனவே நூலில் எழுதப்பட்டிருந்ததைக் காணாமற் கடந்து செல்ல இயலவில்லை. 1981இல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்ததைக் கண்டவர்க்கு இச்சங்கீதத்துக்கு உரை வேண்டுவதில்லை.

தெரிந்தெடுத்து வாசிப்போர் விட்டுச்சென்ற பக்கங்களை வேறொருவர் வாசிப்பார் என்பதற்குச் சான்று நம்மூரிலேயே உண்டு. 1840களில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தை மீளத் தமிழ்ப்படுத்தியபோது அவருக்குத் துணையாயிருந்தவர் ஆறுமுக நாவலர். சைவ அனுட்டானங்களை விடாத ஓர் இளைஞர், ஆண்டுக்கணக்கில், நாள்தோறும், வரிவரியாக வேதாகமத்துடன் உழைத்தார். மொழிபெயர்ப்பாளனுக்கு எந்த வரியையும் தாண்டிச் செல்லும் உரிமையில்லை. அவ்வகையில் அவன் அட்டவணை வாசகனிலும் கண்டிப்பானவன். இவ்வுழைப்பு அவரைக் கிறித்தவராக்கவில்லை. 1854இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்திலே, கோயில், அபிடேகம், தூபதீபம், நைவேத்தியம் ஆகியவற்றைப் பழித்த மிஷனரிமாருக்கு அவர் அளித்த மறுமொழி அவர்களுடைய நூலிலிருந்தே எடுக்கப்பட்டது. கூடாரமும் பலிபீடமும் எண்ணெயும் தூபமும் ஆசாரியரின் உடையும் பழைய ஏற்பாட்டில் எத்துணை விரிவாக விதிக்கப்பட்டுள்ளன என அவர் எடுத்துக்காட்டினார். சடங்குகள் நிறைந்த அப்பகுதிகளைப் பிரசங்கிமார் தம் கண்டனத்தின்போது நினைவிற் கொண்டிருந்தார்களா என்பது ஐயமே. ஒரு நூலை நம்பாதவர் நம்பியவரிலும் நேர்மையாக அதனை வாசித்திருத்தல் கூடும் என்பதை ஏற்பது சமயவாதிகளுக்குச் சற்றுக் கசப்பானதுதான். வாதத்தின் வெற்றி தோல்வி இங்கு பொருளன்று; முழுமையாக வாசித்தவர் யார் என்பதே பொருள்.

ஆயின் முழுமை எப்போதும் நன்மையா? சங்கீதங்களிற் பகைவரைச் சபிக்கும் பாடல்கள் உள. எதிரியின் பற்களைத் தகர்க்கும்படியும், அவன் பிள்ளைகள் திக்கற்றுப் பிச்சையெடுக்கும்படியும் அவை இறைவனை வேண்டுகின்றன. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ற் முனிவர் தம் துறவியர் 150 சங்கீதங்களையும் வாரந்தோறும் ஓதவேண்டுமென விதித்தபோது இவற்றுக்கு விலக்களிக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1970களில், திருத்தியமைக்கப்பட்ட கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை 58, 83, 109 ஆகிய மூன்றையும் முற்றாக நீக்கியது. வேறு சிலவற்றிலிருந்து கடுமையான அடிகளையும் நீக்கியது. இவற்றை ஓதுவோரின் உள்ளத்துக்கு நேரும் இடர்ப்பாடே காரணமாகக் காட்டப்பட்டது. எளிதில் ஒதுக்கத்தக்க காரணமன்று இது. பகை முற்றிய சமூகத்தில், சாபத்தை இறைவாக்காகக் கொள்பவன் அதனைத் தன் கையாலேயே நிறைவேற்ற எழலாம்.

பொன்ஹோபர் இதற்கு மாறான வழியை மேற்கொண்டார். 1937 ஜூலையில், திருச்சபைத் தலைவர்கள் சிறைப்படுத்தப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், அவர் 58ஆம் சங்கீதத்தையே பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார். இச்சாபத்தைக் கூறும் தகுதி குற்றமற்ற ஒருவருக்கே உண்டு, தாமும் தம் மாணவரும் அத்தகையோரல்லர் என்பது அவர் வாதத்தின் சாரம். இறையியலை ஏலாதவரும் இதன் உளவியலை ஏற்கலாம். தன் வீடு எரிந்த அன்று ஒருவன் 109ஆம் சங்கீதத்தைத் தேடி எடுத்தால், அதிற் பேசுபவன் தானே என்பதில் அவனுக்கு ஐயமிராது. அட்டவணையோ அதே சங்கீதத்தை வேறொரு நாளில் கொண்டுவருகிறது. அன்று அவனுக்குப் பகைவனில்லை. உண்டு, உறங்கி, எழுந்து அமர்ந்திருக்கிறான். எளியவனையும் வறியவனையும் துரத்தியவன்மீது விழும் அந்தச் சாபத்தை வாசிக்கும்போது, நேற்றுத் தன் வாயிலில் நின்றவனுக்குத் தான் சொன்ன மறுமொழி அவன் நினைவுக்கு வருதல் கூடும்.