அறையைக் காலி செய்யச் சொல்லும் முன்



சென்னை திருவல்லிக்கேணியில், 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் 'மேன்ஷன்' என்று பலகை மாட்டிய மாடிக் கட்டிடங்களைக் காணலாம். ஓர் அறையில் இரண்டு மூன்று கட்டில்கள், பொதுக் குளியலறை, மாத வாடகை. வேலை தேடி வந்த வாலிபரும், பரீட்சைக்குப் படிப்பவரும், அதே கட்டிலில் வருடங்களைக் கழித்துவிட்ட முதியவரும் அங்கே தங்குகிறார்கள். இத்தகைய கட்டிடங்கள் நம்மவர் கையிலும் இருக்கின்றன. ஆகவே இது வக்கீலின் விஷயம் மட்டுமல்ல, மார்க்கத்தின் விஷயமும் ஆகும்.

இடித்துக் கட்ட வேண்டும், விற்க வேண்டும், நாள் வாடகை லாட்ஜாக மாற்ற வேண்டும் என்று உரிமையாளர் நினைக்கிறார். நினைக்கட்டும், அது அவருடைய சொத்து. "இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பு" என்று மாதத்தின் நடுவில் சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி.

வாடகைக்கு நம் பிக்ஹு நூல்கள் இடும் பெயர் இஜாரா. அது ஒரு பொருளின் பயனை விலைக்கு விற்பதாகும். முதல் தேதி பணத்தை வாங்கிக்கொண்டபோதே அந்த மாதத்துக் கட்டிலை அவர் விற்றுவிட்டார். விற்ற அரிசியை வாங்கியவன் வீட்டுப் பானையிலிருந்து திரும்ப அள்ள முடியுமா? ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்திலேயே அல்லாஹ் கட்டளையிடுகிறான். தங்கியிருப்பவர் முஸ்லிமா, மாற்று மதத்தவரா என்று அந்தக் கட்டளை பிரித்துப் பார்க்கவில்லை.

சரி, "மாதம் இவ்வளவு" என்று மட்டும் பேசி, எத்தனை மாதம் என்று சொல்லாமல் விட்டால்? மேன்ஷன்களில் வழக்கம் இதுதானே! ஹனபி இமாம்களின் தீர்ப்பு, அது முதல் மாதத்துக்குச் செல்லும். அடுத்த மாதம் தொடங்கி அவர் தங்கிவிட்டால் அந்த மாதத்துக்கும் செல்லும். அது முடியும்வரை அவரை வெளியேற்ற முடியாது. மாதம் பிறக்கும் வேளையில்தான் இருவருக்கும் முறித்துக்கொள்ளும் உரிமை. ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லோ இன்னும் கண்டிப்பானது: தவணை குறிப்பிடாத இத்தகைய ஒப்பந்தமே செல்லாது, தங்கிய நாட்களுக்கு ஊர் வழக்கப்படியான வாடகையே கடமையாகும். நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈக்களே அதிகம். அவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்து ரசீது எழுதுகிறார்கள்? இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

தந்தை காலமானதும் கட்டிலில் இருப்பவர்களைக் கிளப்பிவிடத் துடிக்கும் பிள்ளைகளும் உண்டு. மரணத்தால் இஜாரா முறியும் என்பது ஹனபி மத்ஹப். முறியாது, வாரிசுகள் தவணையைக் காத்தே தீர வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹப். தாம் எந்த மத்ஹபில் தொழுகிறோமோ அதையே வாடகையிலும் பின்பற்றுவதுதான் நாணயம்!

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத மாதக் குத்தகையை முடிக்க 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். மேன்ஷனில் இருப்பவர் வாடகைதாரரா, வெறும் அனுமதி பெற்றவரா என்று வக்கீல்கள் வாதிடுவார்கள். வாதிடட்டும். தலாக் விடப்பட்ட பெண்ணைக்கூட இத்தா முடியும்வரை வீட்டிலிருந்து வெளியேற்றாதீர்கள் என்று அத்தலாக் அத்தியாயம் தடுக்கிறது. முறிந்துபோன உறவுக்கே தவணை கொடுத்த மார்க்கம், வேறு கட்டில் தேடி அலையப் போகும் ஏழைக்கு நாலு நாள் கொடுக்க மறுக்குமா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தொழிலாளரையும் மாணவரையும் காலி செய்யச் சொல்லி வற்புறுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று மத்திய உள்துறை 29ஆம் தேதி உத்தரவிட வேண்டியிருந்தது. அண்டை வீட்டாரின் உரிமையை அவ்வளவு வலியுறுத்திய நபியின் உம்மத்துக்கு அந்த உத்தரவு தேவைப்பட்டிருக்கக் கூடாது.

வாடகை பாக்கி வைத்தவன் கதை வேறு என்பீர்கள். வேறுதான். ஆனால் கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயம். பொறுப்பதென்றால் அறையை என்றென்றைக்கும் கொடுத்துவிடுவது என்று பொருளல்ல. மாதம் முடிந்ததும் அறையைத் திரும்பப் பெறலாம். பாக்கியைக் கடனாக எழுதி வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை நிறுத்துவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும், அவன் குளிக்கப் போன நேரத்தில் பூட்டை மாற்றுவதும் அநியாயம்.

இனி தங்கியிருக்கும் சகோதரருக்கு ஒரு சொல். முறையாகத் தவணை சொல்லி, அதுவும் முடிந்து, உரிமையாளர் சம்மதம் இல்லாத நிலையில் "என்ன செய்துவிடுவார் பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருப்பது அபகரிப்பாகும். அபகரித்த இடத்தில் தொழும் தொழுகையைப் பற்றி இமாம்கள் நெடுகப் பேசியிருக்கிறார்கள். கடமை நீங்கும், ஆனால் பாவம் சேரும் என்பது நம் இரு மத்ஹபுகளின் சொல். தொழுகையே செல்லாது என்பது ஹன்பலி மத்ஹபில் பிரபலமான சொல். சுபுஹு பாங்கு கேட்டு எழுந்து அந்த அறையிலேயே முஸல்லாவை விரிப்பவர் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் வழக்கு அதிகம். அந்தப் பணத்தை உரிமையாளர் செலவழித்திருப்பார். ஆகவே அது அவர் மீது கடன். "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்பது, கையில் வசதி இருந்தும் சொல்லப்பட்டால், இழுத்தடிப்பாகும். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். உடைந்த கண்ணாடிக்கும் வாடகை பாக்கிக்கும் கணக்குக் காட்டிக் கழித்துக்கொண்டு, மீதியைச் சாவி வாங்கும்போதே கையில் கொடுத்துவிட வேண்டும்.

போனவர் விட்டுச் சென்ற தகரப்பெட்டி இருக்கிறதே, அதுவும் அமானிதம். பதிவேட்டில் அவருடைய ஊர் விலாசம் இருக்கும். ஒரு கடிதம் போடுங்கள். அவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அதை விற்றுப் பாக்கியில் வரவு வைக்கக் கூடாது.