விலைக்கு அடங்காத எடை

2017இல் பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் ஒரு போர்ஷே கயென் கார், 285 டன் எடையுள்ள ஏர்பஸ் ஏ380 விமானத்தைத் தன் பின்னால் கட்டி 42 மீட்டர் தூரம் இழுத்தது. கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்விட்சர்லாந்தில், ரைன் ஆற்றுப் பாலத்தின் மேல், ஒரு லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஸ்போர்ட் 108 டன் ரயில் பெட்டிகளை இழுத்துக் காட்டியது. இரண்டும் நடந்தவை. ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் மனத்தில் பதிந்த முடிவு தவறு.

கெட்டியான சமதளத்தில், நன்றாகச் சுழலும் சக்கரங்களின் மேல் நிற்கும் பெரும் எடையை அசைக்க, அந்த எடையில் மிகச் சிறு பங்கு விசை போதும். அதைத்தான் அந்தப் படங்கள் காட்டின. அந்த ரயில் பெட்டிகளை நூறு கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், சரிவில் இறக்கி, முன்னால் யாரோ குறுக்கிட்டதும் நிறுத்திக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சாலையில் டிரெய்லர் இழுப்பவருக்கு வேண்டியது இந்த நிரூபணம்.

தேர் இழுக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிக்க ஆயிரம் கை வரும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் சிலர்தான். தேர் வீட்டுச் சுவரில் மோதாமல் நிலைக்கு வருவது அவர்களால். தேரில் அமர்ந்திருப்பது தெய்வமே என்று நம்புகிறவர்களும் தேரை நிறுத்தும் வேலையைத் தெய்வத்திடம் விடுவதில்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. பக்தர்களுக்கு இருக்கும் இந்தத் தெளிவு, லட்சம் பவுண்டு கொடுத்து எஸ்யூவி வாங்கிய பலருக்கு இல்லை. காரின் முகப்பில் இருக்கும் சின்னம் தங்களைக் காக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று சொல்ல நான் தயங்கவில்லை.

108 டன் இழுத்த அந்த டிஸ்கவரி ஸ்போர்ட்டுக்குத் தயாரிப்பாளர் சான்றளித்திருந்த இழுவை எடை 2,500 கிலோ. விமானத்தை இழுத்த கயென் வகைக்கு, பிரேக் உள்ள டிரெய்லரோடு, 3,500 கிலோ. ரேஞ்ச் ரோவருக்கும் 3,500. பிரிட்டனில் விவசாயிகள் சேறு தெறிக்க ஓட்டும் இசுஸு டி-மேக்ஸ் பிக்கப்புக்கும் டொயோட்டா ஹைலக்ஸுக்கும் அதே 3,500தான். பல மடங்கு விலை கொடுத்தவருக்கு ஒரு கிலோகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. ஐரோப்பாவில் இந்த வகை டிரெய்லர்களில் இருப்பது உந்து பிரேக். கார் வேகம் குறையும்போது பின்னால் வரும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே முன்தண்டை அழுத்தி, கம்பியை இழுத்து, டிரெய்லரின் சக்கரங்களில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். இந்த ஏற்பாட்டுக்கு விதி வைத்திருக்கும் உச்சம் 3,500 கிலோ. முன்னால் நிற்பது எந்த நிறுவனத்தின் கார் என்று அந்தக் கம்பிக்குத் தெரியாது.

சொகுசு கார் இந்த வேலையில் உதவவே உதவாது என்று நான் சொல்லவில்லை. எடையும் நல்ல பிரேக்கும் நான்கு சக்கர இழுவையும் உண்மையான பலங்கள். ஆனால் சொகுசு என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் வேறொன்று: உணராமல் இருக்கும் வசதி. சாலையின் இரைச்சல் கேட்காது, குழி தெரியாது, ஏற்றத்தில் எஞ்சின் திணறாது. டிரெய்லர் ஓட்டுபவருக்கு இவையெல்லாம் சான்றுகள். சாதாரணக் காரின் பின்பக்கத்தில் அளவுக்கு மீறிய பாரம் அழுந்தினால் பின்புறம் தாழ்ந்து, முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். பார்த்தவுடன் தவறு தெரியும். காற்று சஸ்பென்ஷன் உள்ள எஸ்யூவி அந்தத் தாழ்வைத் தானே சரிசெய்துகொண்டு மட்டமாக நிற்கும். தவறு அப்படியே இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் மட்டும் மறைந்துவிடுகிறது. சான்றைக் காசு கொடுத்து மறைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாக நினைப்பவரைப் படித்தவர் என்று எப்படிச் சொல்வது?

எனவே அளக்கத்தான் வேண்டும். இரண்டு டன் எடையுள்ள ஒரு பழைய காரை டிரெய்லரில் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரட்டை அச்சு டிரெய்லர் சுமார் 700 கிலோ. மொத்தம் 2,700. அதில் ஐந்து முதல் ஏழு சதவீதம், அதாவது 135 முதல் 190 கிலோ, காரின் பின்புறத்தில் டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டின் மேல் அழுந்த வேண்டும் என்பது பிரிட்டனில் உள்ள வழக்கம். குண்டின் மேல் எவ்வளவு தாங்கலாம் என்பதற்குக் காரின் கையேட்டில் தனி உச்சம் உண்டு. அதையும் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் குறுகிய இடத்தில் பாரத்தை நிறுத்த ஒரே வழி, மேலே ஏற்றிய காரைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்துவது. பின்புறம் எஞ்சின் உள்ள போர்ஷே 911 போன்ற கார் என்றால் திருப்பிப் பின்பக்கமாகவே ஏற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். இதற்கென்று சிறிய எடைமானிகள் கிடைக்கின்றன. எடை பார்க்கும் சாதாரணத் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் டிரெய்லரின் முனையை இறக்கியும் பலர் அளக்கிறார்கள். தராசு அந்த எடையைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? பாரம் டிரெய்லரின் பின்பக்கம் சாய்ந்திருந்தால், குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அந்த வேகத்துக்குக் கீழே ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சிறியதாகி அடங்கிவிடும். அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரியதாகும். பத்து மைல் நிம்மதியாக வந்தவர், பதினோராவது மைலில் ஒரு சரிவில் சற்று வேகம் கூடி, பக்கத்தில் போன லாரியின் காற்று தள்ளியதும், காரையே பின்னாலிருந்து யாரோ உலுக்குவதுபோல் உணர்வார். பதறி ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினால் ஆட்டம் கூடும். வேகத்தைக் கூட்டி நிமிர்த்தலாம் என்பதும் தவறு. ஆட்டத்தை வளர்ப்பதே வேகம்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விட வேண்டும். இன்றைய எஸ்யூவிகளில் இந்த நெளிவை உணர்ந்து காரின் சக்கரங்களில் தனித்தனியே பிரேக் பிடிக்கும் மின்னணு அமைப்பு இருக்கிறது. நல்ல கண்டுபிடிப்பு, பல உயிர்களைக் காக்கக்கூடியது. ஆனாலும் தவறாக ஏற்றிய பாரத்தை அது இடம் மாற்றி வைக்காது.

வேகத்தின் கணக்கும் கறாரானது. பிரிட்டனில் டிரெய்லர் இழுக்கும் காருக்கு ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல் உச்சம். பத்து மைல்தானே என்று தோன்றும். ஐம்பதிலிருந்து அறுபதுக்குப் போனால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. காரும் டிரெய்லரும் சேர்ந்து ஐந்து டன்னுக்கு மேல் இருக்கும்போது அந்த 44 சதவீதம் யாருடைய பிள்ளையின் மேல் போய் நிற்கும் என்று யோசிக்க வேண்டும்.

அது வெறும் பேச்சுக்குச் சொன்னது அல்ல. 2014 ஜனவரியில் பிரிஸ்டல் நகரத்தில், தாயோடு நடைபாதையில் சென்ற மூன்று வயதுக் குழந்தையின் மேல், ஒரு லேண்ட் ரோவரிலிருந்து கழன்று ஓடிய இரண்டு டன் டிரெய்லர் மோதியது. குழந்தை இறந்தது. பெற்றோர் அழுது ஓய்ந்துவிடாமல் டிரெய்லர் பாதுகாப்புக்காகப் போராடினார்கள். 2018இல் பிரிட்டன் நாடாளுமன்றம் டிரெய்லர் பதிவு பற்றி இயற்றிய சட்டத்தில், டிரெய்லர் விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது.

இத்தகைய சாவு நேரும்போது நம்மவர்கள் சொல்லும் ஆறுதல் எனக்குத் தெரியும். எழுதி வைத்தது, நேரம் சரியில்லை, முன்வினை. மூன்று வயதுக் குழந்தை எந்த வினையை அனுபவித்தது? குண்டின் மேல் கொக்கி முழுமையாக உட்கார்ந்ததா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன்சக்கரத் தாங்கியைச் சுழற்றி அதன் முனையைச் சற்று உயர்த்தினால் காரின் பின்புறமும் சேர்ந்து எழ வேண்டும். எழாவிட்டால் பூட்டு விழவில்லை. கழன்றாலும் டிரெய்லரின் பிரேக்கை இழுத்துவிட்டு அறுந்துபோகும்படி அமைந்த மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதைக் காரில் அதற்கென உள்ள இடத்தில் மாட்ட வேண்டும். சும்மா குண்டின் மேல் சுற்றிப் போட்டால் வழுக்கிக் கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. ஏற்றிய காரைக் கட்டும் பட்டைகள் முன்புறமாக அதன் முழு எடையையும், பக்கவாட்டில் பாதி எடையையும் தாங்க வேண்டும் என்பது பிரிட்டனில் நெடுநாளாக வழங்கும் அளவுகோல். டயரின் வயது அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிறது. கொட்டகையில் வருடக்கணக்காக நின்ற டிரெய்லரின் டயரில் பட்டன் தேயாமல் புதிதுபோல் இருக்கும், பக்கச்சுவர் வெடித்திருக்கும். இத்தனையும் புறப்படும் முன்பே காணக்கிடைப்பவை. காணக்கிடைத்ததைப் பார்க்காமல் விட்டவர், நடந்த பிறகு விதியைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

இதில் அறம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். தன் உயிரைப் பணயம் வைப்பவரோடு நான் வாதாடுவேன், ஆனால் அது அவர் உயிர். டிரெய்லர் விஷயத்தில் பணயம் பெரும்பாலும் பிறருடையது. இரண்டரை டன் காருக்குள், பல காற்றுப் பைகளுக்கு நடுவே அமர்ந்திருப்பவர் பிழைக்க வாய்ப்பு அதிகம். கழன்றுபோன டிரெய்லருக்கு ஓட்டுநர் கிடையாது. அது நடைபாதையைத் தேடிப் போகிறது. தன் பாதுகாப்பை விலைக்கு வாங்கிக்கொண்டு, தன் அலட்சியத்தின் விலையை அடுத்தவர் தலையில் கட்டுவது திருட்டுக்குச் சமம்.

அரசும் குற்றமற்றது அல்ல. 1997 ஜனவரி 1 முதல் கார் ஓட்டுநர் உரிமம் பெற்ற பிரிட்டன்காரர்கள், பெரிய டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. லாரி ஓட்டுநர் பற்றாக்குறை வந்தது. தேர்வாளர்களை லாரித் தேர்வுகளுக்கு விடுவிப்பதற்காக, 2021 டிசம்பர் 16 அன்று அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். முந்தைய நாள்வரை தகுதியில்லாதவர் மறுநாள் காலையில் 3,500 கிலோ இழுக்கலாம். ஒரே இரவில் அவருக்கு என்ன தெரிந்துவிட்டது? பயிற்சி நிலையங்கள் இன்றும் இருக்கின்றன, விருப்பமுள்ளவர் போகலாம். ஆனால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தவர்தான் பயிற்சிக்குப் போவார். போக வேண்டிய மற்றவர் போகமாட்டார்.

“முப்பது வருடமாக இழுக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் விபத்தில் போனவர் வந்து தன் அனுபவத்தைச் சொல்ல முடியாது. தப்பித்தவர்களின் சாட்சியை மட்டும் கேட்டு முடிவெடுப்பது, வேண்டுதல் பலித்தவர்களை மட்டும் எண்ணிக் கோயிலுக்குச் சக்தி உண்டு என்று சொல்வதிலிருந்து வேறுபட்டதல்ல.

பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். கட்டணத்தின் உச்சம் 54 பவுண்டு 85 பென்ஸ். அதே காரின் பின்னால் இரண்டு டன் சுமந்து வரும் டிரெய்லருக்கு, 3,500 கிலோவைத் தாண்டாதவரை, அப்படி ஒரு சோதனை இல்லை. ஜெர்மனியில் பிரேக் உள்ள இத்தகைய டிரெய்லர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு வர வேண்டும். பொது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 100இல் போகத் தனி அனுமதி வேண்டும், அதற்கு டிரெய்லரின் டயர் ஆறு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பிரிட்டன் இப்படி ஒரு சோதனையைக் கொண்டுவந்தால் ஏழை விவசாயிகளுக்குச் சுமையாகும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம், முழுதாகத் தள்ளுபடியும் செய்யலாம். லட்சம் பவுண்டு எஸ்யூவியின் பின்னால் பழைய ஜாகுவாரை ஏற்றிக்கொண்டு வார இறுதிக் கண்காட்சிக்குப் போகிறவர் அந்த வாதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லை. அவருடைய டிரெய்லரை வருடத்துக்கு ஒருமுறை தூக்கி வைத்து, பிரேக் கம்பியையும் டயரையும் பூட்டையும் ஒரு மெக்கானிக் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சட்டம் கேட்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமையே போகலாம்.