மண்ணாகாத மய்யித்துகள்

நம் வீட்டில் ஒருவர் மவ்த்தாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? குளிப்பாட்டுகிறோம். ஆணாயின் மூன்று துணியிலும் பெண்ணாயின் ஐந்து துணியிலும் கபனிடுகிறோம். ஜனாஸா தொழுது, தோளில் சுமந்து சென்று, கிப்லாவை முன்னோக்கிக் கிடத்தி, மூன்று பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்புகிறோம். விரலில் கிடந்த மோதிரத்தைக்கூடக் கழற்றி வாரிசுகளிடம் ஒப்படைத்துவிடுகிறோம். காலையில் பிரிந்த உயிருக்கு அஸருக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இவ்வளவு எளிய காரியத்திற்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உயிர் போன பின் எஞ்சி நிற்கும் உடலுக்கு உரிமை என்று ஒன்று உண்டா? உண்டெனில், எத்தனை காலத்துக்கு?

இதற்கு விடை தேட எகிப்துக்குப் போகுமுன் நெய்க்காரப்பட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சங்கதி இருக்கிறது. பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் பொருந்தல் என்றோர் ஊர் உண்டு. இந்தப் பக்கத்தார் அறிந்த இடந்தான். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் அங்கிருந்த பழங்காலக் கல்லறைகளை அகழ்ந்து பார்த்தார். கற்பலகைகளை நிறுத்திப் பெட்டி போல் அமைத்த கல்லறைகள் அவை. ஒன்றினுள் நான்கு கால் வைத்த ஒரு ஜாடி. ஜாடிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்! ஆயிரக்கணக்கில் மணிகள், இரும்பு ஆயுதங்கள், எழுத்துப் பொறித்த மண் பிரிமனை ஆகியவையும் அங்கே கிடைத்தன. நெல்லைச் சோதனைக்கு அனுப்பிக் காலம் கணித்ததில் ஏறக்குறைய கி.மு. 490 என்று தெரியவந்தது.

போகிற இடத்தில் பசிக்குமே என்று யாரோ வைத்த நெல். அன்போடுதான் வைத்திருப்பார்கள், அதை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அந்த நெல்லை உண்ண எவரும் வரவில்லை.

குடியானவர் இரண்டு கிலோ நெல்லோடு நிறுத்திக்கொண்டதை மிஸ்ரு நாட்டு மன்னர்கள் எந்த அளவுக்குக் கொண்டுபோனார்கள் என்று நோக்குங்கள். மன்னன் இறந்தால் அடக்கம் செய்ய எழுபது நாள். மூக்கின் வழியே கம்பியை விட்டு மூளையை எடுத்துவிடுவார்கள். இடது விலாவைக் கீறிக் குடல், கல்லீரல் முதலியவற்றை வெளியே எடுத்துத் தனித்தனி ஜாடிகளில் இடுவார்கள். இருதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். மறுமையில் நிறுத்துப் பார்க்கப்படுவது அதுதான் என்பது அவர்களின் எண்ணம். பிறகு உடலை நேட்ரான் என்னும் உவர் உப்பில் புதைத்து நீரையெல்லாம் உறிஞ்சவைத்து, மெழுகும் பிசினும் பூசி, லினன் துணியால் சுற்றுவார்கள். 1922-ல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த துத்தன்காமூனின் கல்லறையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. உடல் கிடந்த பெட்டி மட்டும் சுமார் 110 கிலோ தங்கம். பத்தொன்பது வயது அளவில் இறந்துபோன ஒரு பையனுக்கு!

இத்தனையும் எதற்கு? உடல் அழியக்கூடாது, அதை எவரும் தீண்டக்கூடாது என்பதற்காக. நடந்ததோ நேர்மாறு. தங்கம் இருக்கும் இடத்தைத் திருடன் அறிவான். அந்த மன்னர்களின் காலத்திலேயே கல்லறைகள் கொள்ளை போயின. பூசாரிகள் அரச உடல்களைப் பொறுக்கியெடுத்து, மீண்டும் துணி சுற்றி, ஒரே குழிக்குள் கூட்டமாய் ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று. அந்த மறைவிடங்களும் 1881-லும் 1898-லும் வெளிப்பட்டுவிட்டன. இதற்கிடையில் ஐரோப்பாவில் மம்மிகளை இடித்துப் பொடியாக்கி மருந்தென்று விற்றார்கள். அரைத்து ஓவியச் சாயமும் செய்தார்கள். மம்மி என்ற சொல்லே மூமியா என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். மூமியா என்பது மலைப்பாறையில் கசியும் ஒருவகைக் கருநிறப் பிசினுக்குப் பெயர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மிஸ்ருக்குச் சென்ற பக்தாதைச் சேர்ந்த அறிஞர் அப்துல் லத்தீப், பழைய பிணங்களிலிருந்து எடுத்த பிசின் அங்கே அற்ப விலைக்கு விற்கப்பட்டதைத் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். இப்படியாக, அழியாமை நாடிய உடல் கடைச்சரக்காயிற்று.

இன்று அது காட்சிச்சரக்கு. தூரம் போக வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் பப்ளிக் கார்டன்ஸிலுள்ள அரசு மியூசியத்தில் எகிப்து நாட்டு இளம்பெண் ஒருத்தியின் மம்மி இருக்கிறது. விலை கொடுத்து வாங்கப்பட்டு நிஜாம் மீர் உஸ்மான் அலீ கானிடம் வந்த அதனை, அவர் 1930-ல் மியூசியத்திற்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். கல்கத்தாவிலும் ஜெய்ப்பூரிலும் இப்படி உண்டு. சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியைச் சுற்றி நின்று சிரித்துப் பேசிவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்வானேன்? அங்கே கிடப்பது ஒரு பெண்பிள்ளை என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்?

இங்கேதான் நம் மார்க்கச் சட்டம் சொல்லும் ஒரு நுட்பத்தை நினைவூட்ட விரும்புகிறேன். மரித்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். கப்ரைத் தோண்டுவது கூடாது என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் உள்ளே இருக்கும் உடல் முற்றிலும் மண்ணாகிவிட்ட பின்னர் அதே இடத்தில் வேறொருவரை அடக்கம் செய்யலாம் என்று ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபு நூல்களும் இடந்தருகின்றன. நம் கபரஸ்தான்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவதும் அதுதான். பாட்டனார் கிடந்த இடத்தைப் பேரனுக்கு விட்டுக்கொடுக்கிறார். ஆக, அடங்கியவரின் உரிமைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை வருடக்கணக்கு தீர்மானிப்பதில்லை, மண் தீர்மானிக்கிறது.

அப்படியானால் மம்மியின் நிலை என்ன? மூவாயிரம் ஆண்டாயினும் அது மண்ணாகவில்லை. தோல் இருக்கிறது, நகம் இருக்கிறது, சிலருக்குத் தலைமுடியும் இருக்கிறது. நம் பாட்டனாரின் உடலுக்குரிய உரிமை சில பத்தாண்டுகளில் மண்ணோடு கலந்து முடிந்துவிட, இந்த மன்னர்களோ தங்கள் உரிமையைத் தாங்களே முடியாமல் நீட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழம்பொருள் என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது. அது இன்னும் மய்யித்துதான்.

“அவர்கள் முஸ்லிம்கள் அல்லரே? அவர்களில் கொடியவர்களும் உண்டே?” என்று கேட்பார் உண்டு. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் ஆன்மாதானே என்று திருப்பிக் கேட்டார்கள். பத்ருக் களத்தில் மாண்ட பகைத் தலைவர்களின் சடலங்களையும் வெளியில் கிடக்கவிடாமல் ஒரு பாழுங்கிணற்றில் இடச்செய்தார்கள். எதிரியின் பிணத்தைச் சிதைப்பதைப் போர்க்களத்திலும் தடுத்தார்கள். உயிரோடிருந்தபோது ஒருவன் செய்த கொடுமைக்குத் தீர்ப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. அவன் உடலிடம் நாம் கணக்குக் கேட்பதற்கில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றுண்டு. நபி மூஸா (அலை) அவர்களைத் துரத்திவந்து மூழ்கிய பிர்அவ்னின் உடலைப் பின்வருவோருக்கு அத்தாட்சியாகக் காப்பதாக அல்லாஹ் கூறுவதை யூனுஸ் சூராவில் ஓதுகிறோம். அத்தாட்சியென்றால் பார்க்கத்தானே வேண்டும்? முற்கால விரிவுரையாளர்கள் இதற்குத் தந்த விளக்கம் எளியது. பிர்அவ்ன் மாண்டுவிட்டான் என்பதை பனூ இஸ்ராயீல்களில் சிலர் நம்ப மறுத்தனர். ஆகவே உயிரற்ற உடல் கரையில் மேட்டில் எறியப்பட்டு அவர்கள் கண்ணில் காட்டப்பட்டது. தன்னையே இறைவன் என்றவன் வெறும் சடலமாய்க் கிடந்தான். அன்றே அத்தாட்சி நிறைவேறிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்கும் நுழைவுச் சீட்டுக்கும் அது காத்திருக்கவில்லை.

போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செங்கடலில் பிர்அவ்னின் உடல் 1898-ல் கண்டெடுக்கப்பட்டது என்று நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அது சரியன்று. அவ்வருடம் கிடைத்தது மெர்னெப்தா என்னும் மன்னனின் மம்மி. கடலில் அல்ல, மன்னர் பள்ளத்தாக்கில் இன்னொரு மன்னனின் கல்லறைக்குள், பூசாரிகள் ஒளித்துவைத்த மற்ற உடல்களோடு அது கிடைத்தது. பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகைல் 1976-ல் எழுதிய நூலில் இவனே அந்தப் பிர்அவ்ன் என்று வாதித்தார். ஆனால் குர்ஆன் பெயர் சொல்லவில்லை. உடலில் உப்பு இருப்பதைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. உப்பில் புதைத்துப் பதனிட்ட எந்த மம்மியில்தான் உப்பு இராது? இறைவேதத்துக்கு இத்தகைய முட்டுக்கொடுப்பு தேவையில்லை. நாளை அது சரிந்தால் கேட்டவர்களின் நம்பிக்கையையும் சேர்த்துச் சரிக்கும்.

அப்படியானால் பார்க்கவே கூடாதா, ஆராயவே கூடாதா? மேலே சொன்ன அப்துல் லத்தீப், மிஸ்ரில் குவிந்து கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்வையிட்டு, கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் அல்ல, ஒன்றே என்று கண்டு, பெரும் மருத்துவர் காலனின் கூற்றைத் திருத்தினார். அந்த அறிவால் மருத்துவம் பயன்பெற்றது. ஆகவே அறிவுக்காகப் பார்ப்பதும் வேடிக்கைக்காகப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஸமூது கூட்டத்தார் அழிந்த ஹிஜ்ர் பிரதேசத்தைக் கடந்தபோது, அழுதவர்களாகவே தவிர அங்கே நுழையாதீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் தோழர்களை எச்சரித்து, தாமும் தலையை மூடிக்கொண்டு வாகனத்தை விரைவுபடுத்தினார்கள். பார்க்கும் முறை அங்கே இருக்கிறது.

எகிப்தியர்களுக்கே இதில் உறுத்தல் இருந்திருக்கிறது. கெய்ரோ மியூசியத்தில் அரச மம்மிகள் இருந்த அறையை ஜனாதிபதி அன்வர் சதாத் 1980-ல் மூடச் செய்தார். 1994-ல்தான் மீண்டும் திறந்தார்கள். 2021 ஏப்ரல் 3-ல் பதினெட்டு மன்னர், நான்கு அரசியர், ஆக 22 உடல்களை இசைமுழக்கத்தோடு ஊர்வலமாகப் புதிய மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மங்கிய வெளிச்சத்தில் வைத்து, போட்டோ எடுப்பதைத் தடுத்திருக்கிறார்கள். ஊர்வலத்தைவிட அந்தத் தடை மேலானது. மண்ணில் அடக்கிவிடுவதே முறை என்பது என் எண்ணம்; ஆராய்ச்சியாளர் ஒப்பமாட்டார்கள். குறைந்தபட்சம் மூடியாவது வைக்கலாம்.

துத்தன்காமூனின் உடலை 2007-ல் அவன் கல்லறையிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றியபோது ஓரளவு அப்படிச் செய்தார்கள். லினன் துணியைப் போர்த்தி, முகமும் பாதமும் மட்டும் தெரியும்படி விட்டார்கள். முகத்தையும் மூடியிருக்கலாம்.